"நேத்து மாதிரி இல்லை, சிஸ்டர்": மூளை அறுவை முடிந்து வீடு வந்தவருக்குத் தொற்று வந்தால் முதலிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

மூளைக் கட்டி எடுத்த பதினோராம் நாள். தையல் பிரிக்க ஓ.பி.க்கு வந்திருந்தார் ஓர் ஐயா. நான்தான் காய்ச்சல் பார்த்தேன், 98.8. காயம் காய்ந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கூட வந்த மனைவிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "நேத்து மாதிரி இல்லை, சிஸ்டர்" என்றார். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "முந்தாநாள் ரசத்துல உப்பு கம்மின்னு தட்டைத் தள்ளிவிட்டாரு. இன்னிக்கு நான் இட்லிக்குச் சட்னி வைக்கவே மறந்துட்டேன். ஒரு வார்த்தை கேக்கல. வெறும் இட்லியைத் தின்னுட்டு எழுந்திரிச்சிட்டாரு."

டியூட்டி டாக்டர் சிரித்துவிட்டார். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. ஐயாவைப் படுக்கவைத்து, தலையைத் தூக்கிக் கழுத்தை மடக்கிப் பார்த்தார். அன்றே அட்மிஷன். சி.டி. எடுத்த பிறகு முதுகில் ஊசி போட்டு எடுத்த மூளை நீர் கலங்கலாக வந்தது. மூளைக்காய்ச்சல் தொடங்கியிருந்தது. அப்போதும் அவர் மூளை வீக்கத்துக்கான டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல் தலைகாட்டாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

நியூரோ சர்ஜரி வார்டில் இருந்த வருடங்களில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தொற்றைக் காட்டிக்கொடுப்பது தனியாக நிற்கும் ஓர் எண் அல்ல, போகிற திசை. அறுவைக்குப் பிறகு வீக்கம், வலி, அசதி எல்லாமே நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டு வந்தது மறுபடி ஏறினால் அங்கே ஏதோ நடக்கிறது. அந்தத் திருப்பத்தை முதலில் பார்க்கக் கூடியவர் டாக்டர் அல்ல, வீட்டில் கூடவே இருப்பவர்தான். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்தது இதற்கு மாறாக இருந்தால், அவர் சொன்னதையே கேளுங்கள்.

படி 1: டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்குங்கள்

பில் கட்டி, மருந்து வாங்கி, வண்டி பிடிக்கிற அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். மண்டையில் சின்னத் துளை போட்டார்களா, எலும்பைத் திறந்து மூடினார்களா, எலும்பை வெளியே எடுத்துவைத்திருக்கிறார்களா, மூக்கு வழியாகச் செய்தார்களா, உள்ளே ஷண்ட் குழாயோ (மூளை நீரை வயிற்றுக்கு வடிப்பது), எலும்பைப் பொருத்தும் பிளேட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஸ்டீராய்டு மாத்திரை உண்டா, எந்தத் தேதியில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை முடிவு, ஏதாவது வர வேண்டியிருக்கிறதா? கடைசி ரத்தப் பரிசோதனை நகலையும் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதும் முக்கியம். ரிசப்ஷன் எண் போதாது, வார்டு எண் வேண்டும்.

கிளம்புமுன் கட்டுப் பிரித்து டிரெஸ்ஸிங் மாற்றும்போது காயத்தைப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அடுத்த ஒரு மாதம் ஒப்பிடுவதற்கு அதுதான் ஆதாரம்.

படி 2: ஒரு நோட்டு, ஒரே ஆள்

சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். காலை ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை எழுதுங்கள். உடம்புச் சூடு சாயங்காலத்தில் கொஞ்சம் ஏறுவது இயல்பு. அதனால் காலைச் சூட்டைக் காலையோடும், சாயங்காலச் சூட்டைச் சாயங்காலத்தோடும்தான் ஒப்பிட வேண்டும். காய்ச்சல், தலைவலி பத்துக்கு எத்தனை, என்ன சாப்பிட்டார், வாந்தி உண்டா, காயம் எப்படி, சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை அளவு. கடைசியில் ஒரு கோடு விட்டு, "நேற்றைவிட எப்படி?" என்று ஒரே வார்த்தை: தேவலை, அப்படியே, மோசம். இரண்டு "மோசம்" அடுத்தடுத்து விழுந்தால் போனை எடுங்கள்.

முடிந்தவரை ஒரே ஆள் எழுதட்டும். அண்ணன் ஒரு நாள், அண்ணி ஒரு நாள், பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் என்று முறை வைத்தால் யாருக்கும் நேற்று தெரியாது.

தெர்மாமீட்டர் பற்றி இரண்டு வார்த்தை. அக்குளில் வைத்தால் வியர்வையைத் துடைத்துவிட்டு வையுங்கள். வாயில் காட்டுவதைவிட அரை முதல் ஒரு டிகிரி குறைவாகத்தான் காட்டும். காபி குடித்த கையோடு வாயில் வைக்காதீர்கள், கால் மணி நேரம் போகட்டும். தலையில் கட்டுப் போட்டிருப்பவருக்கு நெற்றியில் நீட்டிப் பார்க்கும் துப்பாக்கி வேண்டாம். எப்போதும் ஒரே இடத்தில், பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து "நார்மல்" என்று எழுதிய நோட்டுகள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன.

100.4, அதாவது 38 டிகிரி செல்சியஸ், அதுதான் எல்லைக்கோடு. அறுவை முடிந்த முதல் இரண்டு நாள் வரும் லேசான காய்ச்சல் பெரும்பாலும் உடம்பு காட்டும் எதிர்வினைதான். அதை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும். நான்கைந்து நாள் போன பிறகு புதிதாக வரும் காய்ச்சல் அப்படியல்ல. வேறு காரணம் தெரியும்வரை அதைத் தொற்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குளிர் நடுக்கம் சேர்ந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

படி 3: காயம்

முதலில் எதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். முன்பக்க மண்டையில் அறுவை என்றால் கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும், கன்னம் வரை கன்றிப்போன நிறம் இறங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வடியும். பொட்டுப் பக்கம் திறந்திருந்தால் மெல்லும்போது தாடை வலிக்கும். தையலைச் சுற்றி மரத்துப்போகும், ஆறும்போது அரிக்கும். சிலருக்கு உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்கும். இவையெல்லாம் குறைந்துகொண்டே போகும் வரை பிரச்சினை இல்லை.

தினமும் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக உட்காரவைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் சிவப்பு சரியாகத் தெரியாது. மாநிறத்துக்கு மேல் கறுப்பான தோலில் சிவப்பு சிவப்பாகவே தெரியாது. கருஞ்சிவப்பாக, சில சமயம் வெறும் பளபளப்பாக மட்டும் இருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, புறங்கையைக் காயத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி வையுங்கள், பிறகு மறுபக்கத்தில் அதே இடத்தில் வையுங்கள். ஒரு பக்கம் சூடாக இருக்கிறதா? தொட்டால் முன்பைவிட வலிக்கிறது என்கிறாரா? தையல் ஓரம் கொழகொழவென்று அமுங்குகிறதா? தையல் எங்காவது வாய் பிளந்திருக்கிறதா? சீழ், கெட்ட வாடை உண்டா? வாரத்துக்கு இரண்டு முறையாவது அதே தூரத்தில், அதே கோணத்தில் படம் எடுங்கள். சிவப்பு பரவுகிற மாதிரி சந்தேகம் வந்தால், அதன் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு. நான்கு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் விவாதத்துக்கு இடமில்லை.

தலையணைக்கு வெள்ளை உறை போடுங்கள். பூப்போட்ட உறை எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஒரு மருமகள் தலையணை உறையையே மடித்துப் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். நடுவில் எட்டணா அளவுக்கு மஞ்சள், சுற்றி ஈரம் காய்ந்த வளையம். மாமியாரின் காயத்தில் வெளியே ஒன்றுமே தெரியவில்லை. காதுக்குப் பின்னால், முடி மூடிய இடத்தில் ஒரு தையல் மட்டும் விட்டிருந்தது. சீக்கிரம் வந்ததால் தோலுக்கு மேலேயே வேலை முடிந்தது, எலும்பு வரை போகவில்லை.

தடவக் கூடாதவற்றின் பட்டியல் நம் ஊரில் நீளம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், மஞ்சள், வேப்பிலை அரைத்தது, கோயிலில் இருந்து வந்த விபூதி, தலைவலிக்குத் தைலம். எதுவும் காயத்தின் பக்கம் போகக் கூடாது. விபூதியைக் கழுத்தில் பூசிக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. தலைக்குக் குளிப்பது டாக்டர் சொல்லும் நாளில்தான்.

படி 4: தண்ணீராக ஏதாவது வருகிறதா?

சீழைப் பார்த்தால் எல்லோரும் பயப்படுகிறார்கள். தெளிந்த தண்ணீரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. நான் அதற்குத்தான் அதிகம் பயப்படுவேன். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் வெளியே வர வழி இருக்கிறது என்றால், கிருமி உள்ளே போகவும் அதே வழி இருக்கிறது.

காயத்திலிருந்து சொட்டலாம், காதிலிருந்து வரலாம், மூக்கிலிருந்தும் வரலாம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்தவர்களிடம் இதைக் கவனமாகப் பாருங்கள். சளி என்றால் வழவழவென்று இருக்கும், கைக்குட்டையில் காய்ந்தால் விறைப்பாகும். இது பச்சைத் தண்ணீர் மாதிரி, பெரும்பாலும் ஒரு மூக்குத் துளையில் மட்டும், குனிந்தால் பொட்டுப் பொட்டென்று சொட்டும். படுத்திருக்கும்போது தொண்டைக்குள் உப்புக் கரிக்கிறது என்பார்கள். மார்கழி மாதமாக இருந்தால் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைத்துக் கொடுத்து நான்கு நாளைக் கடத்திவிடுவார்கள்.

செய்ய வேண்டியது: தலையை உயர்த்திப் படுக்கவையுங்கள். மூக்கைச் சிந்த வேண்டாம், முக்க வேண்டாம், பஞ்சை உள்ளே திணிக்க வேண்டாம். சுத்தமான சின்ன பாட்டில் கிடைத்தால் நான்கு சொட்டுப் பிடித்து எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற பரிசோதனை அது மூளை நீரா, சளியா என்று சொல்லிவிடும்.

படி 5: புத்தி தெளிவாக இருக்கிறதா?

"உங்க பேரு என்ன?" என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியில் நூறு முறை கேட்டிருப்போம், தூக்கத்திலும் சொல்வார். இன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், நேற்று ராத்திரி யார் போன் பண்ணினார்கள். அவர் தொழிலை வைத்து ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். கடை வைத்திருந்தவரிடம் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறைக் கணக்குக் கேட்கலாம், டீச்சரிடம் அவர் நடத்திய வகுப்பைப் பற்றிக் கேட்கலாம். நேற்று சட்டென்று சொன்னவர் இன்று இழுத்துச் சொன்னால் நோட்டில் எழுதுங்கள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டச் சொல்லி, பத்து வரை எண்ணுங்கள். ஒரு கை மெல்லத் திரும்பிக் கீழே இறங்கினால் உடனே ஆஸ்பத்திரி. அடுத்து, தாடையை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். கழுத்து விறைத்து, வலியால் முடியவில்லை என்றால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். ஆனால் கழுத்து நன்றாக மடங்குகிறது என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். அறுவைக்குப் பிறகு வரும் மூளைக்காய்ச்சலில் பலருக்குக் கழுத்து விறைப்பதே இல்லை. வெளிச்சம் கூசுவது, காரணமில்லாத எரிச்சல், பகலெல்லாம் தூக்கம், எழுப்பினால் உடனே மறுபடி கண் சொருகுவது, இவைதான் முதலில் வரும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள், நேரம் பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. சாவியைத் தேடுகிற நேரம்தான் வீண்.

படி 6: ஸ்டீராய்டு போடும் திரை

மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் நல்ல மருந்து, ஆனால் காய்ச்சலை அமுக்கிவிடும். சிவப்பையும் வலியையும்கூடக் குறைத்துக் காட்டும். ரத்தத்தில் வெள்ளணுக்களைத் தானே ஏற்றிவிடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் குழப்பும். சர்க்கரையையும் ஏற்றும். அதனால் ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு 99.5 வந்தாலே நான் மறுபடி பார்ப்பேன். அதே மருந்து, அதே சாப்பாடு, ஆனால் இரண்டு நாளாகச் சர்க்கரை மட்டும் காரணமில்லாமல் ஏறுகிறது என்றால், எங்கோ தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. எழுதிக்கொடுத்தபடிதான் குறைக்க வேண்டும். குறைக்கும் நாட்களில் மட்டும் நோட்டைக் கூர்ந்து பாருங்கள், திரை விலகும்போதுதான் பின்னால் இருப்பது தெரியும்.

படி 7: தலையையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்

மூளை அறுவை முடிந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் காரணம் நெஞ்சிலோ சிறுநீரிலோ இருப்பதும் சகஜம். சாப்பிடும்போது புரையேறுகிறதா? கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா. சிறுநீர்க் குழாய் இருந்தால் பையில் நிறம், கலங்கல், வாடை பாருங்கள். பையைக் கட்டிலைவிடத் தாழ்வாக, தரையில் படாமல் தொங்கவிடுங்கள். ஊசி போட்ட கையில் நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறதா, இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது தொற்று அல்ல, ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதுவும் அவசரம்தான், தேய்த்துவிடாதீர்கள். வலிப்புக்கு ஃபெனிடோயின் தொடங்கிச் சில வாரத்தில் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் சேர்ந்து வந்தால் மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கும் அன்றே டாக்டர்.

படி 8: ஷண்ட் வைத்தவர்கள், எலும்பு எடுத்தவர்கள்

ஷண்ட் குழாய் தலையிலிருந்து கழுத்து, நெஞ்சு வழியாகத் தோலுக்கு அடியில் வயிற்றுக்கு இறங்குகிறது. அந்த வழி முழுக்கவும் காயம்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தடத்தில் சிவப்பு, வயிற்று வலி, வயிறு உப்புவது, காய்ச்சல், வாந்தி, தூக்கம். குழந்தை என்றால் பால் குடிக்க மறுப்பது, சிணுங்கல், உச்சிக்குழி புடைப்பது. பெரும்பாலான ஷண்ட் தொற்றுகள் முதல் சில மாதங்களிலேயே வந்துவிடுகின்றன.

விபத்தில் அடிபட்டு மண்டை எலும்பை எடுத்தவர்களுக்கு அந்த இடம் மெத்தென்று இருக்கும். உட்கார்ந்தால் சற்றுக் குழியும். உட்கார்ந்தும் குழியாமல் பந்து மாதிரி விறைத்தால் உடனே காட்டுங்கள். எடுத்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருந்தால் அங்கேயும் ஒரு தையல் இருக்கிறது. தலையைப் பார்க்கும்போதெல்லாம் அதையும் பாருங்கள், அதை மறந்த வீடுகள் அதிகம்.

இன்னொன்று, தாமதமாக வரும் தொற்று. தோலில் சாதாரணமாக வாழும் சில கிருமிகள் பிளேட்டிலோ எலும்பிலோ ஒட்டிக்கொண்டு, காய்ச்சலே இல்லாமல் மாதக்கணக்கில் மெல்ல வளரும். ஆறின தழும்பில் ஒரு பரு. உடையும், சொட்டு நீர் வரும், காயும், பதினைந்து நாளில் அதே இடத்தில் மறுபடி வரும். அது பரு அல்ல. கிள்ளாதீர்கள், களிம்பு போடாதீர்கள், அறுவை செய்தவரிடமே காட்டுங்கள்.

படி 9: எப்போது, எங்கே

எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் விழுகிறது, குழறல், காய்ச்சலோடு கடும் தலைவலியும் வாந்தியும்: 108. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 100.4-ஐத் தொட்ட புதுக் காய்ச்சல், தண்ணீர்க் கசிவு, சீழ், பிரிந்த தையல், குறைந்து மறுபடி ஏறிய வீக்கம், பேச்சிலும் நடத்தையிலும் மாற்றம்: அன்றைக்கே, முடிந்தால் அறுவை நடந்த ஆஸ்பத்திரிக்கே. தையல் ஓரத்தில் மட்டும் லேசான சிவப்பு, மற்றபடி நன்றாக இருக்கிறார் என்றால் வார்டுக்குப் போன் செய்து படம் அனுப்பிக் கேளுங்கள்.

போகும் வழியில் மெடிக்கலில் நிறுத்தி ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு மாத்திரை உள்ளே போனாலும் கிருமி கல்ச்சரில் வளராமல் ஒளிந்துகொள்ளலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் வாரக்கணக்கில் குத்துமதிப்பாக மருந்து ஏற்ற வேண்டிவரும்.

படி 10: அங்கே என்ன செய்வார்கள்

ரத்தம் எடுப்பார்கள், சீழ் இருந்தால் அதையும் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு அறுவையாலேயே ஏறும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு இறங்க வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால்தான் சந்தேகம். டிஸ்சார்ஜ் அன்று நகல் வாங்கச் சொன்னது இதற்குத்தான். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். உள்ளே சீழ்க்கட்டி இருந்தால் எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற வகைப் படத்தில் பளிச்சென்று தெரியும்.

முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றால் பாதி வீடுகளில் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். "கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்களே சிஸ்டர்." தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது. அந்த நீரில் அணுக்கள், சர்க்கரை, தொற்று இருந்தால் ஏறும் லாக்டேட் என்ற பொருள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கூடவே ரத்தச் சர்க்கரையும் எடுப்பார்கள், இரண்டையும் ஒப்பிட்டால்தான் அர்த்தம். அறுவையில் கசிந்த ரத்தமே அந்த நீரைக் கொஞ்சம் கலக்கிவிடும் என்பதால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு சொல்ல டாக்டர் தயங்கலாம். கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், மெல்ல வளரும் கிருமி என்று சந்தேகித்தால் பத்து நாளுக்கு மேலும் வைத்துப் பார்ப்பார்கள். அதுவரை மருந்து நரம்பு வழியாக ஓடிக்கொண்டிருக்கும்.

கேஷுவாலிட்டியில் நுழைந்ததும் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "மூளை ஆபரேஷன் ஆகி இன்னிக்குப் பதினோராவது நாள், ஸ்டீராய்டு சாப்பிடறார், நேத்துலேருந்து ஆள் மாறியிருக்கார்." சொல்லிவிட்டு நோட்டை நீட்டுங்கள்.